முந்த முடியாத டிராம்

"பாபா, டிராமுக்கு வழி தெரியாதா? பின்னே எதுக்குத் தரையிலே கோடு போட்டு வெச்சிருக்காங்க?"

எப்போதோ ஒரு குளிர்காலக் காலையில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் அப்பாவிடம் கேட்ட கேள்வி இது. அதைத் திரும்பச் சொல்லிவிட்டு அந்த அப்பா, பிரஜேந்திர தேப்நாத், சிரித்தார். சிரிப்பு உதட்டைத் தாண்டி மேலே ஏறவில்லை.

எதிரே மந்திரா லாஹா கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவி மாட்டிக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவள். முகத்தைப் பார்க்காமல் குரலை வைத்தே ஆளை எடைபோடும் பழக்கம் அங்கே வந்தது. வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் போகவில்லை.

பிரஜேந்திரர் தயங்கினார். "தூங்கறாங்களா?"

"இல்லை ஸார்." அவளுடைய உதவியாளன் ஹாபுல் டீயை நீட்டினான். "தீதி கண்ணை மூடினா காது திறந்திருக்குன்னு அர்த்தம். நான் கண்ணை மூடினாத்தான் தூக்கம். நீங்க சொல்லுங்க."

பிரஜேந்திரர் வடகிழக்குக் கோடியிலிருக்கும் சில்சர் ஊர்க்காரர். மகள் டுக்டுகிக்கு மூச்சுத் திணறல். அதற்குக் கல்கத்தா ஆஸ்பத்திரிதான் கதி என்று அழைத்து வந்தாராம். எஸ்பிளனேடில் டிராம் ஏறினார்கள். கண்டக்டரிடம், 'ஆஸ்பத்திரி வந்தா சொல்லுங்க' என்று கேட்டார். அந்தக் கண்டக்டரைத்தான் இப்போது தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

"எதுக்கு?" கண்ணைத் திறக்காமல் கேட்டாள் மந்திரா.

"நன்றி சொல்லத்தான் தீதி. ஆஸ்பத்திரி வாசல்லயே இறக்கி விட்ட புண்ணியவான் அவர்."

"முகம் எப்படி இருக்கும்?"

"குரங்குக் குல்லா போட்டிருந்தார். அதுக்கு மேலே மப்ளர். கண்ணும் மூக்கும்தான் தெரிஞ்சது."

"பிரமாதம்!" என்றான் ஹாபுல். "குளிர்காலத்துக் கல்கத்தாவிலே குரங்குக் குல்லா போட்ட வங்காளியைத் தேடணும். கங்கையிலே தண்ணியைத் தேடச் சொல்ற மாதிரி."

"ஒரு அடையாளம் உண்டு. டிக்கெட்டைச் சுருட்டி மோதிரம் பண்ணி டுக்டுகி விரல்லே போட்டார். 'மகாராணி, பத்திரமா வெச்சுக்கோ'ன்னார். அவ அதுக்கு மேலே கையுறையை மாட்டிக்கிட்டா, தொலைஞ்சுடக் கூடாதாம்." அவர் குரல் ஒரு கணம் எங்கோ போய்த் திரும்பியது. "கொஞ்சம் மறதிக்காரர் போல. சித்த நேரத்துலே மறுபடி வந்து டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். நானும் மறுபடி வாங்கினேன்."

"மோதிரத்தைக் காட்டறதுதானே?"

"வெளியூர்க்காரன் தீதி. இந்த ஊர்ச் சட்டம் எனக்கென்ன தெரியும்? வழியிலே ஒரு காளி கோயில் வந்தது. டிராமுக்குள்ளே எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. டுக்டுகியும் கும்பிட்டா. எட்டு வயசுக் குழந்தை, பார்க்கறதை எல்லாம் பண்ணுவா. கேள்வி கேட்டே உயிரை எடுப்பா."

"இப்போ நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா." பதில் சட்டென்று வந்தது. "அவரைக் கண்டா ஒரு கம்பளிச் சால்வை போர்த்திட்டு நான் பாட்டுக்கு ஊருக்குப் போயிடுவேன்." மடியில் இருந்த சாக்குப் பையைத் தடவினார்.

மந்திரா கண்ணைத் திறந்தாள். கன்னம் ஒட்டி, தாடி நரைத்து, பார்க்கப் பாவமாக இருந்தார். 'பகவானே, இந்த ஆளுக்கு ஏதாவது நல்லது நடக்கட்டும்' என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். வருகிற யாருக்கும் அவள் முதலில் செய்வது அதுதான்.

"கிளம்புங்க. டிராம்லே தொலைஞ்சவரை டிராம்லயே தேடுவோம்."

எஸ்பிளனேடில் ஷ்யாம்பஜார் டிராம் தயாராக நின்றது. மின்விசிறியும் மெத்தை இருக்கையும் உள்ள முன் பெட்டி பிதுங்கி வழிந்தது. பின் பெட்டி பாதி காலி. ஹாபுல் பின் பெட்டியின் கைப்பிடியில் கை வைத்தான்.

"வேண்டாம்." பிரஜேந்திரர் இரண்டடி பின்வாங்கினார். "அடுத்த வண்டியிலே போலாம். முன் பெட்டியிலே."

"இந்தக் குளிர்லே விசிறிக் காத்து வாங்கணுமா ஸார்?"

 அந்த டிராம் போயிற்று. அடுத்ததில் முன் பெட்டியில் ஏறினார்கள். வண்டி குலுங்கிக் கிளம்பியபோது பிரஜேந்திரர் தடுமாறினார். சாக்குப் பை இருக்கைக் கம்பியில் மோதி 'டங்' என்றது.

ஹாபுல் மந்திராவின் காதருகே குனிந்தான். "தீதி, சில்சர்லே சால்வையை இரும்புக் கடையிலே விக்கறாங்களா?"

"வாயை மூடு."

கண்டக்டர் இளவட்டம். மோதிரக் கதையைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினான். "எனக்குத் தெரியாது தீதி. ஷ்யாம்பஜார் டிப்போ வாசல் டீக்கடையிலே பழைய ஆளுங்க உக்காந்திருப்பாங்க. அங்க கேளுங்க."

பழைய புத்தகக் கடைகள் தொடங்கும் இடத்தில் ஆஸ்பத்திரிச் சுவர் வந்தது. டிராமிலிருந்த வெளியூர்க்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பிரஜேந்திரர் மட்டும் எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

டிராம் இன்னும் வடக்கே ஊர்ந்தது. திடீரென்று பெட்டிக்குள் பேச்சு அடங்கி, செய்தித்தாள்கள் தாழ்ந்து, கைகள் நெற்றிக்கு உயர்ந்தன. வலப்பக்கமோ இடப்பக்கமோ யாரும் பார்க்கவில்லை. கோயில் எங்கே வரும் என்பது அந்தக் கைகளுக்கே தெரியும். மந்திராவும் கும்பிட்டாள்.

கும்பிட்ட கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

'அம்மா, நீயா காட்டிக் கொடுக்கிறாய்?' என்று முணுமுணுத்தாள். ஹாபுல் பார்த்தான். 

டிப்போ வந்ததும், "டீ குடிச்சுக்கிட்டிருங்க. மருந்துக் கடையிலே ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்," என்று போனாள். போகிற போக்கில் ஹாபுலின் கையை அழுத்தினாள். அதற்கு 'எதுவும் பேசாதே' என்று பொருள். குளிருக்கு இதமாகத் தீதி கையைப் பிடித்தாள் என்று ஹாபுல் நினைத்துக்கொண்டான்.

வெளியூருக்கு ட்ரங்க் கால் கிடைக்க மற்றவர்களுக்கு அரை நாள் ஆகும். மந்திராவுக்கு ஆகாது. சில்சர் எக்ஸ்சேஞ்சில் இருந்த தோழி கரகரப்பின் நடுவே பிரஜேந்திரர் வீட்டு விவரத்தைச் சொன்னாள். மந்திரா கேட்டு முடித்துக் கருவியைக் கீழே வைத்தாள்.

டீக்கடைக்குத் திரும்பினாள். பெஞ்சில் ஹாபுல் மட்டும் இருந்தான், முகமெல்லாம் பெருமை.

"கண்டுபிடிச்சாச்சு தீதி! இங்க ஒரு பழைய டிரைவர் சொன்னார். டிக்கெட் மோதிரம்னா ஒரே ஆள்தானாம், சஷ்டிசரண் பாடுய். 'மோதிர சஷ்டி'ன்னே பேராம். இன்னும் வேலையிலே இருக்காராம். அதுவும் நல்ல நேரம் பாருங்க, அவர் வண்டி அப்பதான் டிப்போவை விட்டுக் கிளம்பிச்சு."

"பிரஜேந்திரர் எங்கே?"

"ஓடிப்போய் அதுலே ஏறிட்டார். போறப்ப என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதார் தீதி. என் வாழ்க்கையிலே யாரும் எனக்கு இப்படி..."

"ஹாபுல், நீ ஒரு கொலைகாரனுக்கு வழி காட்டி அனுப்பியிருக்கே."

அவன் கையிலிருந்த மண் குவளை விழுந்து உடைந்தது.

"எஸ்பிளனேட்லேர்ந்து வர டிராம் எதை முதல்லே தாண்டும்? கோயிலையா, ஆஸ்பத்திரியையா?"

"ஆஸ்பத்திரியைத்தான். கோயில் அதுக்கு அப்பாலே..." ஹாபுலின் வாய் திறந்தபடி நின்றது.

"ஆஸ்பத்திரி வாசல்லே இறங்கினவரோட பொண்ணு எப்படி டிராம்லே இருந்துக்கிட்டு அந்தக் காளியைக் கும்பிட்டா? அவங்களை யாரும் இறக்கி விடலை. தாண்டிப் போயிட்டாங்க. அப்புறம், எத்தனையோ குளிர்காலம் ஓடிப்போச்சு, அவர் பேச்சிலே டுக்டுகி இன்னும் எட்டு வயசுக் குழந்தையாவே இருக்கா. வளராத குழந்தை எங்க இருக்கும், சொல்லு?"

ஹாபுல் உடைந்த குவளைத் துண்டுகளைப் பார்த்தான்.

"சில்சர் தோழி சொன்னா. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரதுக்குள்ளே டுக்டுகி அவர் கையிலயே போயிட்டாளாம். பழி வாங்கக் கூடாதுன்னு அவர் சம்சாரம் சத்தியம் வாங்கி வெச்சிருந்தாளாம். இந்த வருஷம் பூஜை சமயத்திலே அவளும் செத்துப்போயிட்டா. இனி தடுக்க ஆள் இல்லை. அந்தப் பையிலே இருக்கறது தாவ்."

"தாவ்னா?"

"அந்தப் பக்கத்திலே மூங்கில் வெட்டற அரிவாள்."

அடுத்த டிராம் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. இருவரும் ஓடி ஏறினார்கள். தூரத்தில் முன்னால் போகும் டிராமின் பின்பக்கம் தெரிந்தது. நடுவே ரிக்‌ஷாக்கள், பஸ்கள், சாலையைக் கடக்கும் மனிதர்கள்.

"டிரைவர் ஸார்! முன்னாடி போற வண்டியை முந்துங்க!" என்று ஹாபுல் கத்தினான்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். பெட்டியே திரும்பிப் பார்த்தது. "எது மேலே ஏறி முந்தறது தம்பி, உன் தலைமேலயா?"

ஹாபுல் தலையில் அடித்துக்கொண்டான். "பொறந்ததிலேர்ந்து இந்த ஊர்லே இருக்கேன், டிராம் டிராமை முந்தாதுன்னு இன்னிக்குத்தான் உறைக்குது. டாக்சி பிடிக்கலாமா தீதி?"

"இந்த நேரத்துலே டாக்சி எங்க கிடைக்கும்?"

"சரிதான். அது வரதுக்குள்ளே சஷ்டிசரணுக்குத் திவசமே வந்துடும். இந்நேரம் அவரை..."

"இல்லை. ஆஸ்பத்திரி நிறுத்தம் வரைக்கும் ஒண்ணும் பண்ண மாட்டார். எந்த இடத்துலே இறக்கி விடலையோ அந்த இடத்துலேதான் கணக்குத் தீர்ப்பார். பழி வாங்கறவன் மனசும் டிராம் மாதிரிதான். போட்ட கோட்டை விட்டு இறங்காது."

ஹாதிபாகான் நிறுத்தம் கடந்தது. ஹேதுவா கடந்தது. முன்னால் போன டிராம் சிறிதாகிக்கொண்டே போயிற்று. மந்திரா கண்ணை மூடி காளியை வேண்டினாள். வேண்டுதல் நீளமானதல்ல. 'ஒரு தடை போடு அம்மா.'

தடை ஒரு கைவண்டி உருவத்தில் வந்தது. பள்ளிப் புத்தகக் கட்டுகளை மலைபோல ஏற்றிய கைவண்டியின் சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. சஷ்டிசரணின் டிராம் அதற்கு முன்னால் நின்று கால்மணியை உதைத்து உதைத்து அலறியது. பின்னால் இவர்கள் வண்டியும் நின்றது.

"இறங்குடா!"

ஐம்பதைத் தாண்டிய மந்திரா லாஹா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். கோயில் வாசலைக் கடந்தபோது, "அம்மா, அப்புறம் வரேன்!" என்று ஓடிக்கொண்டே கும்பிட்டாள். சட்டென்று அவள் வேகம் ஒரு நொடி குறைந்தது.

"ஹாபுல்! டிக்கெட் கொடுத்த கண்டக்டர் அதே ஆள்கிட்ட மறுபடி டிக்கெட் கேட்பானா? அதுவும் அந்தக் குழந்தைக்கு மோதிரம் பண்ணிப் போட்டவன்?"

"மறதி..."

"மோதிரம் போட்டவன் மறக்க மாட்டான். கேட்டது வேற ஆள்!"

கைவண்டி விடுபட்டது. டிராம் அசைந்தது. ஹாபுல் முன் பெட்டியின் கைப்பிடியைப் பற்றித் தாவி ஏறி, மந்திராவை இழுத்துக்கொண்டான்.

பிரஜேந்திரர் வாசலை ஒட்டிய இருக்கையில் இருந்தார். வலது கை பைக்குள் இருந்தது. பெட்டியின் மறுகோடியில், குரங்குக் குல்லாயும் மப்ளருமாக ஒரு கிழவர், டிக்கெட் கட்டின் மேல் விரலால் சடசடவென்று தட்டிக்கொண்டு ஒவ்வொரு இருக்கையாக வந்துகொண்டிருந்தார்.

மந்திரா பிரஜேந்திரரின் பக்கத்தில் உட்கார்ந்து, பையின் மேல் தன் கையை வைத்தாள். ஹாபுல் வழியை அடைத்துக்கொண்டு நின்றான். 

"எழுந்து போங்க தீதி." அவர் திரும்பவில்லை. "உங்களுக்கும் எனக்கும் பகை கிடையாது."

"ஆஸ்பத்திரி நிறுத்தத்துலேதானே?"

"எங்க இறக்கி விடணுமோ அங்க." குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "மோதிரம் போட்ட கை. 'நிம்மதியா உக்காருங்க, ஆஸ்பத்திரி வந்ததும் நானே கூப்பிடறேன்'னு சொன்ன வாய். கோயிலையும் தாண்டிப் போயிட்டு நான் கேட்டப்போ அதே வாய்தான் சிரிச்சது. 'ஆஸ்பத்திரியா? அது போய் எவ்வளவு நேரமாச்சு! கனவு கண்டுக்கிட்டிருந்தீங்களா?' பெட்டியே சிரிச்சது தீதி. டுக்டுகிக்கு மூச்சு வாங்குது, பெட்டியே சிரிக்குது. திட்டியிருந்தா மறந்திருப்பேன். முதல்லயே முகத்தைத் திருப்பியிருந்தா அவன் குணம் அதுன்னு போயிருப்பேன். மோதிரம் போட்டுட்டு எப்படி சிரிச்சான்? தினம் காலையிலே இதைத் தீட்டினேன். சம்சாரம் அழுவா. அப்பவும் தீட்டினேன்."

"ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். பதில் சொல்லிட்டு உங்க இஷ்டம். டிக்கெட் வாங்கினதுக்கு அப்புறம் இடம் மாறினீங்களா?"

"மாறினோம். முன் பெட்டியிலே கட்டணம் ஜாஸ்தி, திரும்பி வரப்போ தெரியாம இதுலே ஏறிடாதீங்க, இப்பவே பின் பெட்டிக்குப் போங்க, கூட்டமில்லாம குழந்தை படுத்துக்கலாம்னு அவன்தான் சொன்னான். அடுத்த நிறுத்தத்துலே இறங்கிப் பின்னாடி ஏறினோம்."

"அவர் எப்படி உங்க பின்னாடி அங்க வந்தார்?"

"நடந்து வந்திருப்பான். ரயில்லே டிக்கெட் பரிசோதகர் வர மாதிரி."

"எந்த வழியா? திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பவில்லை. மந்திரா அவர் தோளைப் பிடித்து, பிடிவாதக் குழந்தையைத் திருப்புவதுபோலத் திருப்பினாள்.

பெட்டியின் பின்பக்கம் முழுதும் மரப்பலகை. அதில் ஒரு கண்ணாடிச் சன்னல். கதவு இல்லை. கண்ணாடிக்கு அப்பால் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது பின் பெட்டி. அதற்குள், குரங்குக் குல்லாயும் மப்ளருமாக இன்னொரு ஆள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான்.

"முன் பெட்டிக்கு ஒருத்தர், பின் பெட்டிக்கு ஒருத்தர்," என்றாள் மந்திரா. "இந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனாலயே உங்களுக்கு யாரும் சொல்லலை. நீங்களும் அன்னியிலேர்ந்து பின் பெட்டிப் பக்கம் போகவே இல்லை."

பிரஜேந்திரர் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள்ளிருந்த கை தளர்ந்தது. பிறகு மறுபடி இறுகியது.

"அப்போ சிரிச்சவன் வேற. அவன் எங்கே?"

"தேடித் தரேன். ஆனா அவனைப் பார்த்து என்ன சொல்லுவீங்க? அவன்கிட்ட நீங்க முன்கூட்டி ஆஸ்பத்திரின்னு சொல்லவே இல்லையே. யாரோ ஒரு வெளியூர்க்காரர் தூங்கிட்டார்னு சிரிச்சிருக்கான். கம்பளிக்குள்ளே குழந்தை மூச்சுக்குத் தவிக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான் கேக்கலை." அவர் உதடு கோணியது. "சொல்றேன்னு சொன்னாரேன்னு உக்காந்திருந்தேன். ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தேன் தீதி. பெரிய கட்டடமா இருக்கேன்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை..."

"நம்பினது குத்தமில்லை."

"பின்னே யார் குத்தம்?"

 

"டிக்கெட், டிக்கெட்." சஷ்டிசரண் வந்து நின்றார். குல்லாயின் வட்டத்துக்குள் சுருக்கம் விழுந்த கண்கள். அந்தக் கண்களுக்கும் சாக்குப் பைக்கும் நடுவே ஒரு கை தூரம்தான் இருந்தது.

மந்திரா பையை அழுத்தியபடியே நிமிர்ந்தாள். "சஷ்டி அண்ணா, நீங்க டிக்கெட்லே மோதிரம் பண்ணிக் குழந்தைங்களுக்குப் போடுவீங்களாமே?"

"போட்டுக்கிட்டிருந்தேன் அம்மா. இப்போ இல்லை."

"ஏன்?"

கிழவர் டிக்கெட் கட்டைத் தட்டுவதை நிறுத்தினார். "ஒரு காலையிலே ஒரு வெளியூர்க்காரர் பொண்ணோட ஏறினார். அதுக்கு மூச்சு புல்லாங்குழல் மாதிரி ஊதுது. அப்பவும் என்னைப் பார்த்து டிராமுக்கு வழி தெரியாதாங்குது! மோதிரம் போட்டேன். பின்னாடி படுக்க இடம் இருக்கேன்னு நான்தான் அனுப்பினேன். ஆஸ்பத்திரி வந்ததும் வெளியே தொங்கிக்கிட்டு, 'சில்சர்க்காரரே, இறங்குங்க'ன்னு கத்தினேன். யாரும் இறங்கலை. வண்டியைப் பிடிச்சு வெச்சேன். டிரைவர் கத்தறான், ஜனங்க கத்தறாங்க. மூடுபனி வேற. எனக்குத் தெரியாம இறங்கிப் போயிட்டாங்கன்னு நினைச்சு மணி அடிச்சுட்டேன். ஷ்யாம்பஜார் போய்ப் பின் பெட்டிக்காரன்கிட்ட கேட்டா, ஆஸ்பத்திரி போக வேண்டிய ரெண்டு பேர் தாண்டி வந்து இறங்கினாங்கங்கறான். ஓடினேன். காணோம்."

அவர் மப்ளரைக் கீழே இழுத்து மூக்கைத் துடைத்தார்.

"குழந்தைகளைக் காக்கிற சஷ்டி தேவி பேரை எங்கம்மா எனக்கு வெச்சா. நான் ஒரு குழந்தையைப் பின் பெட்டிக்கு அனுப்பினேன். அந்த நிறுத்தம் வரப்போ எல்லாம் இன்னும் பின்னாடி எட்டிப் பார்க்கறேன். அது என்ன ஆச்சோ!"

டிராம் புத்தகக் கடைகளை நெருங்கியது. ஆஸ்பத்திரிச் சுவர் தெரிந்தது. மந்திராவின் கைக்குக் கீழே பை அசைந்தது. 

பிரஜேந்திரர் கையை வெளியே எடுத்தார். வெறும் கை.

"பொழைச்சுட்டா," என்றார்.

"என்ன?"

"அந்தப் பொண்ணு எங்க ஊர்தான். தேப்நாத் வீட்டுப் பொண்ணு. எனக்குத் தெரியும். கொஞ்சம் தாமதமாப் போனாலும் பொழைச்சுட்டா. நல்லா இருக்கா."

காலையில் சொன்ன அதே பொய்தான். மந்திரா கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். இந்தத் தடவை அந்தக் குரலில் விரிசல் இல்லை.

 சஷ்டிசரணின் கை தானாக உயர்ந்து மணிக்கயிற்றை ஒரு தடவை இழுத்தது. டிராம் நின்றது. வழக்கப்படி வெளியே தலையை நீட்டப் போனவர், பாதியில் நிறுத்தி, குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நரைத்த தலை. சாதாரண, களைத்த முகம். பிரஜேந்திரர் அந்த முகத்தை முதல் தடவையாக முழுதாகப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் சிலர் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள். இரண்டு தடவை மணி அடித்தது. டிராம் கிளம்பியது.

ஹாபுல் குனிந்து பையை மெதுவாக வாங்கிக்கொண்டான். "சால்வையை நான் எடுத்துக்கறேன் ஸார். எங்க வீட்டுத் தேங்காய் ரொம்ப நாளாக் குளிர்லே நடுங்கிக்கிட்டிருக்கு."

பிரஜேந்திரர் அவனைப் பார்த்தார். பிறகு முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, எஸ்பிளனேட் வரும்வரை சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தார். மந்திரா அவர் முதுகில் கை வைத்திருந்தாள். டிராமில் யாரும் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை.

மறுநாள் காலை, ஊருக்குக் கிளம்புமுன், பிரஜேந்திரர் தனியாகக் காளி கோயிலுக்குப் புறப்பட்டார். மூடுபனியில் டிராம் வந்து நின்றது. முன் பெட்டியில் இடம் இருந்தது. அவர் பின் பெட்டியில் ஏறினார்.

உள்ளே எல்லோரும் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் முன்கோடியில் யாரிடமோ சில்லறைக்கு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். பிரஜேந்திரருக்கு இரண்டு இருக்கை முன்னால் ஒரு கிழவரும் கிழவியும் இருந்தார்கள். கிழவியின் ஒரு கண்ணில் கட்டு. கிழவர் சன்னல் கண்ணாடியைத் துண்டு நுனியால் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தார். பனி தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்டக்டரின் பக்கம் ஒரு தடவை வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை. மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

பழைய புத்தகக் கடைகளின் மூடிய பெட்டிகள் பனியில் தெரியத் தொடங்கின. ஆஸ்பத்திரிச் சுவர் வந்தது. நிறுத்தத்தில் ஏறுவதற்கு யாரும் நிற்கவில்லை. டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

பிரஜேந்திரர் எழுந்தார். கூரையை ஒட்டி ஓடிய கயிற்றைப் பிடித்து ஒரு தடவை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

டிராம் முனகிக்கொண்டு நின்றது. கிழவர் எட்டிப் பார்த்தார். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. "வந்துடுச்சு, வந்துடுச்சு, எழுந்திரு!" என்று கிழவியைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினார். படியில் நின்று கண்டக்டரைப் பார்த்து, "நீ நல்லா இருக்கணும் தம்பி," என்று கையை உயர்த்தினார்.

கண்டக்டர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினான். பிறகு திரும்பி, "மணி அடிச்சது யாரு?" என்றான்.

போர்வைகள் அசையவில்லை. பிரஜேந்திரர் சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் தோளைக் குலுக்கிக்கொண்டு இரண்டு தடவை கயிற்றை இழுத்தான்.